நடுவில் ஒரு கடிகாரம்

நுழையும்முன்

அறுபத்து நான்கு கட்டங்கள், முப்பத்திரண்டு காய்கள், எதிரெதிரே இருவர். சதுரங்கத்தை இவ்வளவில் சொல்லி முடித்துவிடலாம் என்றே நினைப்போம். போட்டிச் சதுரங்கத்தில் இவற்றோடு கடிகாரமும் சேர்கிறது. எந்தக் காயையும் வெட்டாமலேயே ஆட்டத்தை முடித்துவைக்க அதனால் இயலும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இரண்டே நாள் இடைவெளியில், சில இளையோரின் ஆட்டங்களை அது அவ்வாறு முடித்துவைத்தது. அந்த முடிவுகள் முறையானவையா என்ற வினாவுக்குச் சதுரங்க உலகம் சொன்ன விடைகளை இப்பாடம் ஆராய்கிறது.

காலத்தை அளக்கத் தொடங்கிய கதை

சிந்திப்பதற்கு எல்லை வகுக்கப்படாத காலம் ஒன்று சதுரங்கத்திற்கு இருந்தது. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் முதல் பன்னாட்டுப் போட்டி நடைபெற்றபோது மேசைமீது கடிகாரம் இல்லை. ஒருவர் ஒரு காயை நகர்த்துவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எதிரில் இருப்பவர் பசியாலும் சலிப்பாலும் சோர்ந்து தவறிழைக்கும்வரை காத்திருப்பதும் ஓர் உத்தியாக இருந்திருக்கும். 1861இல் ஆண்டர்சன், கோலிஷ் ஆகிய இருவரும் மோதிய போட்டியில் மணற்கடிகைகள் வைக்கப்பட்டன. 1883ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரங்கள் வந்தன. ஒன்று ஓடும்போது மற்றொன்று நிற்கும். தம் நகர்த்தலை முடித்தவர் தம் கடிகாரத்தை நிறுத்தினால் எதிராளியின் கடிகாரம் ஓடத் தொடங்கும். முல்லைப்பாட்டின் பாசறைக் காட்சியில் போருக்குச் சென்ற மன்னனுக்குப் பொழுதை அளந்து அறிவிக்கும் நாழிகைக் கணக்கர் வருகின்றனர். பலகைமீது நிகழும் இப்போருக்கும் அத்தகைய கணக்கர் ஒருவர் தேவைப்பட்டார் என்று கொள்ளலாம்.

கடிகாரம் வந்தபின் புதிய இடர் ஒன்றும் உடன் வந்தது. வெல்லும் நிலையில் இருப்பவர்கூட நேரம் தீர்ந்துவிட்டால் தோற்றவர் ஆவார். எதிராளியிடம் அரசனை வீழ்த்துவதற்குப் போதிய காய்கள் இல்லாதபோது மட்டும் ஆட்டம் சமனாகும். பழைய கடிகாரங்களின் முகப்பில் சிறு கொடி ஒன்று இருக்கும். முள் பன்னிரண்டை நெருங்கும்போது அது மெல்ல உயர்ந்து, நேரம் முடிந்ததும் சட்டென்று விழும். நேரம் தீர்ந்து தோற்பதைக் ‘கொடி விழுந்தது’ என்று ஆட்டக்காரர்கள் இன்றளவும் சொல்வது அதனால்தான். இந்த இடரைக் குறைக்க விரும்பிய அமெரிக்க வீரர் பாபி ஃபிஷர், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில நொடிகள் கூடுதலாகச் சேரும் கடிகாரத்திற்கு 1988இல் காப்புரிமை கோரினார். 1992இல் அவரும் ஸ்பாஸ்கியும் மீண்டும் மோதியபோது அத்தகைய கடிகாரமே பயன்பட்டது. இன்று பெரும்பாலான போட்டிகளில் அம்முறையே வழக்கில் உள்ளது.

விரைவுச் சதுரங்கம்

பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பாகிய ஃபிடே, நேரத்தின் அடிப்படையில் ஆட்டங்களை மூவகையாகப் பிரிக்கிறது. பல மணி நேரம் நீள்வது செவ்வியல் ஆட்டம். ஒருவருக்குப் பத்து நிமிடமோ அதற்குக் குறைவாகவோ தரப்படுவது மின்னல் ஆட்டம். இவை இரண்டுக்கும் இடைப்பட்டது, அதாவது பத்து நிமிடத்திற்கு மேலும் அறுபது நிமிடத்திற்குக் கீழும் அமைவது விரைவு ஆட்டம். ‘ராபிட்’ என்று போட்டி அரங்குகளில் சொல்லப்படுவது இதுவே. கூடுதல் நொடிகள் உள்ள ஆட்டமாயின், அறுபது நகர்த்தல்களுக்குச் சேரும் நொடிகளையும் கூட்டியே வகை பிரிக்கப்படும்.

ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், நகர்த்தல் ஒன்றுக்கு ஐந்து நொடி கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் கையில் இருப்பவை 900 நொடிகள். ஆட்டம் நாற்பது நகர்த்தல்கள் நீடித்தால் மேலும் 200 நொடிகள் சேரும். மொத்தம் 1100 நொடிகள். ஒரு நகர்த்தலுக்குச் சராசரியாக இருபத்தேழரை நொடி கிடைக்கிறது. எனினும் எவரும் இந்தச் சராசரிப்படி ஆடுவதில்லை. முதல் பத்து, பன்னிரண்டு நகர்த்தல்கள் பயிற்சியின்போதே மனத்தில் பதிந்தவை. அவை நொடிகளில் முடியும். பின்னர்ப் பலகையின் நடுவில் காய்கள் ஒன்றையொன்று நெருக்கும் நிலை வரும். இளம் ஆட்டக்காரர் ஒருவர் அங்கே ஒரே நகர்த்தலுக்கு மூன்று நிமிடம் செலவிடுவார். அது தொடக்கத்தில் தரப்படும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த மூன்று நிமிடச் சிந்தனை சரியான வழியைக் காட்டியிருக்கலாம். ஆனால் அதற்குரிய விலையை அவர் முப்பதாவது நகர்த்தலில் செலுத்த நேரும். கையில் இருபது நொடியே எஞ்சியிருக்க, குதிரையைப் பின்வாங்குவதா, சிப்பாயை முன்தள்ளுவதா என்று முடிவெடுக்க வேண்டும். செவ்வியல் ஆட்டத்தில் நல்ல நகர்த்தலைக் கண்டறிபவர் வெல்வார். விரைவு ஆட்டத்திலோ, போதுமான அளவு நல்ல நகர்த்தலை உரிய நேரத்தில் கண்டறிபவர் வெல்வார். சிறந்ததைத் தேடுவதை எந்த இடத்தில் நிறுத்துவது என்று அறிவதே இவ்வகை ஆட்டத்தின் கடினமான பகுதி. தேர்வுக்கூடத்தில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு நான்கு பக்கம் எழுதிவிட்டுக் கடைசி வினாவைத் தொடாமல் விட்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

கடிகார விதியின் கண்டிப்பை இதனை எழுதுபவர் நேரில் கண்டதுண்டு. பல்லாண்டுகளுக்கு முன் பள்ளிகளுக்கிடையிலான விரைவுச் சதுரங்கப் போட்டி ஒன்றில் நடுவருக்கு உதவியாக நின்றிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எதிராளியைவிட ஒரு யானை கூடுதலாகப் பெற்று வெல்லும் நிலையில் இருந்தான். காயை நகர்த்தினான்; கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டான். எதிராளி சிந்திக்கிறார் என்று எண்ணி, கன்னத்தில் கைவைத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய நேரம். கடிகாரத்தை அழுத்தவில்லை என்பதை ஆட்டக்காரருக்கு நடுவர் சுட்டிக்காட்டக் கூடாது என்பது விதி. எதிரில் அமர்ந்திருந்த சிறுவனும் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய கடமையும் அவனுக்கு இல்லை. கொடி விழுந்தது. தோற்ற மாணவன் அழவில்லை. எழுந்து வந்து, “பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், ஐயா?” என்று மட்டும் கேட்டான். விதியை எடுத்துச் சொன்னபோது தலையசைத்துவிட்டுச் சென்றான். விதி சரியானதே. அவன் கேள்விக்கு அன்று விடை சொன்னதாக மட்டும் இன்றுவரை தோன்றவில்லை.

தெரிந்து தெளிவோம்: நேரில் ஆடும்போது ஒரு காயைத் தொட்டுவிட்டால், விதிப்படி இயலுமாயின் அதனையே நகர்த்த வேண்டும். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும். இணையவழி ஆட்டத்தில் தொடுதல் இல்லை. சுட்டியை விடுவித்தவுடன் நகர்த்தல் பதிவாகிவிடும். கடிகாரத்தைத் தனியே அழுத்தவும் வேண்டியதில்லை. விரல் பிசகிக் காய் பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால் அதுவும் நகர்த்தலே.

பெருந்தொற்றுக் காலத்தின் ஒலிம்பியாட்

2020ஆம் ஆண்டு உருசியத் தலைநகர் மாஸ்கோவில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றிருக்க வேண்டும். கொரோனாப் பெருந்தொற்று அதனைத் தடுத்தது. (பின்னர் 2022இல் நம் மாமல்லபுரத்தில் நடைபெற்றது அந்த 44ஆவது ஒலிம்பியாட்டே.) மாற்றாக, 2020 சூலை, ஆகஸ்டுத் திங்களில் ஃபிடே இணையவழி ஒலிம்பியாட் ஒன்றை நடத்தியது. 163 நாடுகள் பங்கேற்றன. ஆட்டக்காரர்கள் அவரவர் ஊரிலிருந்தே கணினி முன் அமர்ந்து ஆடினர். நேரம் ஒருவருக்குப் பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்கு ஐந்து நொடி கூடுதல். மேலே கணக்கிட்டுப் பார்த்த அதே விரைவு ஆட்டம்.

அணியின் அமைப்பும் புதுமையானது. ஒரு சுற்றில் ஒரு நாட்டிற்கு ஆறு பலகைகள். இரண்டில் ஆடவர், இரண்டில் மகளிர், எஞ்சிய இரண்டில் இருபது வயதுக்குட்பட்ட இளைஞர் ஒருவரும் இளம்பெண் ஒருவரும் ஆட வேண்டும். உலக வாகையர் பட்டம் பெற்றவர் ஆடும் பலகைக்கும் பள்ளி மாணவி ஆடும் பலகைக்கும் வெற்றிப் புள்ளி ஒன்றுதான். விதித் குஜராத்தி தலைமையிலான இந்திய அணியில் விஸ்வநாதன் ஆனந்த், கோனேரு ஹம்பி, ஹரிகா ஆகியோருடன், திருச்சூரைச் சேர்ந்த பதினாறு வயது நிஹால் சரின், அப்போதுதான் பதினைந்து வயது நிறைந்த சென்னையின் பிரக்ஞானந்தா, நாக்பூரைச் சேர்ந்த பதினான்கு வயது திவ்யா தேஷ்முக் ஆகிய இளையோரும் இடம்பெற்றனர்.

இளையோர் பலகைகள் வெறும் அலங்காரம் அல்ல என்பது ஆகஸ்டு 23 அன்று தெளிவாயிற்று. பிரிவுச் சுற்றின் இறுதியில் இந்தியா வலிமைமிக்க சீனாவைச் சந்தித்தது. மூத்தோர் ஆடிய நான்கு பலகைகளும் சமநிலையில் முடிந்தன. பிரக்ஞானந்தா லியு யானையும், திவ்யா சூ ஜினெரையும் வென்றனர். இந்தியா 4–2 என்ற கணக்கில் வெற்றி பெற்றது. ஆனந்தும் ஹம்பியும் இடம்பெற்ற அணிக்கு வெற்றியைக் கொண்டுவந்தவர்கள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் படிக்கும் வயதினர்.

ஆகஸ்டு 28

காலிறுதியில் இந்தியாவின் எதிரணி ஆர்மேனியா. முப்பது இலட்சம் அளவே மக்கள்தொகை கொண்ட அந்நாட்டில் சதுரங்கம் பள்ளிப் பாடங்களுள் ஒன்று. ஒவ்வொரு மோதலும் இரண்டு சுற்றுகளைக் கொண்டது. முதல் சுற்றின் இளைஞர் பலகையில் நிஹாலுக்கு எதிரே ஆர்மேனியாவின் ஹைக் மார்டிரோசியான் ஆடினார். அவருக்கு வயது இருபது.

ஆட்டம் முடியுமுன் மார்டிரோசியானின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவரால் நகர்த்தல் எதனையும் அனுப்ப இயலவில்லை. கடிகாரம் ஓடியது. நேரில் ஆடும் அரங்கமாயின், மின்விளக்கு அணைந்தால் நடுவர் கையுயர்த்தி எல்லாக் கடிகாரங்களையும் நிறுத்திவிடலாம். இங்கு அப்படிப்பட்ட கை எதுவும் இல்லை. எதிரில் இருப்பவர் ஆழ்ந்து சிந்திக்கிறாரா, அறுந்துபோன கம்பியின் மறுமுனையில் தவிக்கிறாரா என்பதைப் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் உறுதியாக அறிய முடியாது. இரண்டு மௌனங்களும் ஒன்றுபோலவே இருக்கும். மார்டிரோசியானின் நேரம் தீர்ந்தது. நிஹால் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சுற்றில் இந்தியா 3.5–2.5 என்று முன்னிலை பெற்றது.

இக்கணக்கை ஒருமுறை உற்றுநோக்க வேண்டும். அந்த ஓர் ஆட்டம் சமனாகியிருந்தால் சுற்று 3–3 என முடிந்திருக்கும். மார்டிரோசியான் வென்றிருந்தால் முன்னிலை ஆர்மேனியாவுக்குச் சென்றிருக்கும். முழுச் சுற்றின் முடிவும் அந்த ஒற்றை இணைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆர்மேனியா முறையீடு செய்தது. தம் பக்கத்தில் இணைய வசதி சீராகவே இருந்தது என்று அவர்கள் வாதிட்டனர். முறையீட்டுக் குழு அதனை ஏற்கவில்லை. இணைப்புக்கு அவரவரே பொறுப்பு என்ற அடிப்படையில் முடிவு நிலைநிறுத்தப்பட்டது. ஆர்மேனியா இரண்டாம் சுற்றை ஆட மறுத்து மோதலிலிருந்து விலகியது. இந்தியா அரையிறுதிக்குச் சென்றது. அங்கே போலந்துக்கு எதிராக முதல் சுற்றை இழந்து, இரண்டாம் சுற்றை வென்று, கடைசியில் ஹம்பி ஆடிய வெற்றிதோல்வி தீர்க்கும் ஆட்டத்தால் இறுதிப் போட்டியை எட்டியது. அது தனியே எழுதத்தக்க கதை.

ஆகஸ்டு 30

இறுதிப் போட்டியில் எதிரணி உருசியா. முதல் சுற்றின் ஆறு ஆட்டங்களும் சமநிலையில் முடிய, கணக்கு 3–3. இரண்டாம் சுற்றின் இளையோர் பலகைகளில் நிஹாலுக்கு எதிரே பதினெட்டு வயது ஆந்த்ரே எசிபென்கோ; திவ்யாவுக்கு எதிரே பொலினா சுவலோவா. முந்தைய ஆண்டு புதுதில்லியில் உலக இளையோர் மகளிர் பட்டத்தை வென்றவர் சுவலோவா. திவ்யாவைவிட ஏறத்தாழ ஐந்து வயது மூத்தவர்.

அன்று உலகெங்கும் இணையம் தடுமாறியது. செஞ்சுரிலிங்க் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வலையமைப்பில் ஏற்பட்ட கோளாறு பல மணி நேரம் நீடித்தது. அதனை நம்பியிருந்த ஏராளமான சேவைகள் முடங்கின. கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் தரவுப் பெருவழிகளுள் ஒன்று அடைபட்டுப்போனதற்கு இதனை ஒப்பிடலாம். ஆட்டத்தின் நடுவே நிஹாலும் திவ்யாவும் இணைப்பை இழந்தனர். கடிகாரங்கள் ஓடின. இருவரும் நேரம் தீர்ந்து தோற்றதாகப் பதிவாயிற்று. சுற்று 4.5–1.5 என்று உருசியாவுக்குச் சென்றது; உருசியா வாகையர் என்றும் அறிவிக்கப்பட்டது.

இப்போது முறையீடு செய்தது இந்தியா.

அந்த இரண்டு ஆட்டங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், மற்ற நான்கு பலகைகளில் கணக்கு 2.5–1.5. நிஹாலும் திவ்யாவும் வென்றிருந்தால் சுற்று இந்தியாவுக்கு. ஒருவர் வென்று மற்றவர் சமன் செய்திருந்தால் 3–3. அவர்கள் தோற்றிருக்கவும் கூடும். இணைப்பு அறுந்த வேளையில் போட்டியின் முடிவு தெளிவாகவில்லை என்றே ஃபிடேயும் தன் அறிக்கையில் கூறியது. முறையீட்டுக் குழு சான்றுகளை ஆராய்ந்தது. உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. முன்னெப்போதும் நேராத சூழல் என்பதைக் கருத்திற்கொண்டு, ஃபிடேயின் தலைவர் அர்காடி துவோர்கோவிச் இரு நாடுகளுக்கும் தங்கப் பதக்கம் வழங்க முடிவு செய்தார். ஒலிம்பியாட் என்ற பெயர் தாங்கிய சதுரங்கப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் தங்கம் இதுவே.

இரு தீர்ப்புகள்

நாட்டுப்பற்றுள்ள நெஞ்சம் இந்த இடத்தில் மகிழ்ந்து நின்றுவிட விரும்பும். ஆயினும் இரண்டு நாள்களுக்கு முன் விலகிச் சென்ற ஆர்மேனிய இளைஞரின் பக்கம் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது. அவர் செய்த பிழை என்ன? நிஹாலும் திவ்யாவும் செய்த பிழை என்ன? மூவரும் சிந்தித்துக்கொண்டிருந்தவர்கள். மூவரும் இணைப்பை இழந்தவர்கள். மூவரின் கடிகாரமும் ஒரே விதிப்படியே ஓடியது. ஒருவருடைய தோல்வி நின்றது. மற்ற இருவருடைய தோல்வியால் அவர்தம் அணி பதக்கத்தை இழக்கவில்லை.

வேறுபாடு இல்லாமல் இல்லை. ஆகஸ்டு 28இல் துண்டிக்கப்பட்டது ஒரே ஒருவரின் இணைப்பு. அதன் காரணம் வீட்டுக் கம்பியிலா, கணினியிலா, வெளியிலா என்பதை மெய்ப்பிப்பது எளிதன்று. ஐயத்துக்கு இடமான ஒவ்வொரு துண்டிப்பையும் மன்னித்தால், தோற்கும் நிலையில் இருப்பவர் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டிக்கவும் வழி திறந்துவிடும். ‘இணைப்புக்கு அவரவரே பொறுப்பு’ என்ற விதி இரக்கமற்றதாகத் தோன்றினாலும், அதன் பின்னே இந்த அச்சம் நிற்கிறது. ஆகஸ்டு 30இல் நேர்ந்தது வேறு. ஒரு வீட்டின் கம்பியைச் சேராத கோளாறு அது. உலக நாளேடுகளே அதற்குச் சான்று. பதினான்கு வயதுப் பெண்ணொருத்தியை அதற்குப் பொறுப்பாக்குவது, ஆற்றில் வெள்ளம் பெருக்கெடுத்துப் பாலம் மூழ்கிய நாளில் தேர்வுக்குத் தாமதமாக வந்தவரைச் சோம்பேறி என்பதற்கு ஒப்பாகும்.

ஆனால் இந்த வேறுபாடு எதில் இருக்கிறது என்று பார்த்தால் மனம் சற்றுத் துணுக்குறும். அது குற்றமின்மையில் இல்லை, சான்றில் இருக்கிறது. ஒரு சாராருக்காக உலகமே சாட்சி சொன்னது. மற்றொருவருக்குத் தம் சொல்லைத் தவிர வலுவான சாட்சி வாய்க்கவில்லை. மார்டிரோசியான் குற்றமற்றவராயின், அவர் இழந்ததை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை. இரட்டைத் தங்கம் என்பதும், நுணுகிப் பார்த்தால், ஒரு தீர்ப்பு அன்று. யார் வென்றார் என்று சொல்ல இயலவில்லை என்பதன் ஒப்புதலே அது. உருசிய இளையோர் எசிபென்கோவும் சுவலோவாவும் விதியை மீறவில்லை. தம் நகர்த்தல்களைச் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். இவர்களுடைய முழு வெற்றி பாதியானதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

நிஹால் சரினின் நிலை இன்னும் விந்தையானது. ஆகஸ்டு 28 அன்று எதிராளியின் கடிகாரம் ஓடித் தீர்ந்ததால் புள்ளி பெற்றவர் அவர். ஆகஸ்டு 30 அன்று தம் கடிகாரம் ஓடித் தீர்ந்ததால் புள்ளி இழந்தவரும் அவரே. மேசையின் இரு பக்கத்திலும் அமர்ந்து ஒரே விதியைச் சந்திக்கும் வாய்ப்பு, இரண்டே நாள் இடைவெளியில், பதினாறு வயதில் எவருக்கும் எளிதில் அமையாது.

அதே ஆண்டில் நம் மாநிலத்தில் பள்ளிகள் மூடியிருந்தன. கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசி வகுப்புகளுமே பாடம் கற்கும் வழிகளாயின. வருகைப் பதிவின்போது அலைவரிசை கிடைக்காமல், “உள்ளேன் ஐயா” என்று சொல்லியும் ஆசிரியர் காதில் விழாமற்போனவர் பலர். மொட்டை மாடியிலும் ஏரிக்கரையிலும் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நின்ற பிள்ளைகளுக்கு உலக நாளேடுகள் சாட்சி சொல்லவில்லை. முறையீட்டுக் குழுவும் இருக்கவில்லை.

பின்னர்

நிஹால் அந்த ஆண்டு திசம்பரிலேயே மீண்டும் திரை முன் அமர்ந்தார். ஃபிடே நடத்திய இணையவழி உலக இளையோர் விரைவுச் சதுரங்கப் போட்டியில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவின் இறுதியில் அவர் எதிர்கொண்டது சாந்த் சர்க்சியானை. அவர் ஓர் ஆர்மேனியர். இம்முறை ஆட்டம் பலகையிலேயே முடிந்தது, 1.5–0.5 என்ற கணக்கில் நிஹால் தங்கம் வென்றார். அதே போட்டியில் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவின் தங்கம் சென்னையின் ரக்ஷித்தா ரவிக்குக் கிடைத்தது. எசிபென்கோ அடுத்த மாதமே நெதர்லாந்தின் விக் ஆன் சே நகரில், அப்போதைய உலக வாகையர் மாக்னஸ் கார்ல்சனைச் செவ்வியல் ஆட்டத்தில் வென்றார்.

திவ்யா தேஷ்முக் 2024இல் காந்திநகரில் உலக இளையோர் மகளிர் பட்டத்தைப் பெற்றார்; 2019இல் சுவலோவா பெற்ற அதே பட்டம். 2025 சூலையில் ஜார்ஜியா நாட்டின் படூமி நகரில் மகளிர் உலகக் கோப்பையின் இறுதிக்கு வந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. எதிரே கோனேரு ஹம்பி. 2020இல் ஒரே அணியில் ஆடிய இருவரும் இப்போது எதிரெதிரே. செவ்வியல் ஆட்டங்கள் இரண்டும் சமநிலையில் முடிய, முடிவு விரைவு ஆட்டத்திற்குச் சென்றது. பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து நொடி கூடுதல். முதல் விரைவு ஆட்டமும் சமன். இரண்டாவதில் திவ்யாவுக்குக் கறுப்புக் காய்கள். நேர நெருக்கடியில் ஹம்பி தவறிழைக்க, திவ்யா வென்றார். கடிகாரம் மேசைமேல், இருவருக்கும் நடுவில், கைக்கெட்டும் தொலைவில் இருந்தது.

கற்பவை கற்றபின்

வகுப்பை இரு குழுக்களாகப் பிரித்துக்கொள்க. ஒரு குழு ஆர்மேனிய அணியின் சார்பில் முறையீட்டை எழுதுக. மற்றொரு குழு முறையீட்டுக் குழுவாக அமர்ந்து, காரணங்களுடன் விடை எழுதுக. பின்னர் இரு குழுக்களும் இடம் மாறி, தாம் எழுதியதற்கு எதிராக வாதிடுக.

பத்து நிமிடமும் நகர்த்தலுக்கு ஐந்து நொடி கூடுதலும் உள்ள ஆட்டம், ஃபிடேயின் வகைப்பாட்டின்படி விரைவு ஆட்டமா, மின்னல் ஆட்டமா? கணக்கிட்டு எழுதுக.

கடிகாரத்தை அழுத்த மறந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனின் கேள்விக்கு நீங்கள் நடுவராக இருந்திருந்தால் என்ன விடை கூறியிருப்பீர்கள்? பத்து வரிகளுக்கு மிகாமல் எழுதுக.